கம்பெனி பஸ், கேன்டீன், கல்யாணப் பத்திரிகை: ஆட்டிசம் உள்ள நான் பழகக் கற்ற விதம்

நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். புதுச்சேரியில் ஒரு மருந்துக் கம்பெனியின் க்யூ.சி. (தரச் சோதனை) லேபில் அனலிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். மாத்திரையில் மருந்து சொன்ன அளவில் இருக்கிறதா, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று ஒவ்வொரு பேட்ச்சாகச் சோதித்து எழுதி வைக்கும் வேலை. எனக்கு ஆட்டிசம், அதாவது மற்றவர்களோடு பழகுவதும் சத்தம், வாசனை போன்றவற்றை உணர்வதும் பிறவியிலேயே வேறு மாதிரி இருக்கும் நிலை, இருப்பது முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிய வந்தது. இந்த வேலைக்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. ஒரே சோதனையை ஒரே வரிசையில் திரும்பத் திரும்பச் செய்வது எனக்குப் பிடிக்கும். மருந்தில் கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி மெஷினில் வரும் கோட்டில் இருக்கக் கூடாத சின்ன மேடு ஒன்று இருந்தால் முதலில் என் கண்ணில்தான் படும். என்னை வாட்டியதெல்லாம் வேலைக்கு நடுவிலும் முன்னும் பின்னும் இருக்கும் நேரம். பஸ், டீ, சாப்பாடு, பிறந்தநாள் கேக், கல்யாணப் பத்திரிகை, வருடாந்திர டூர்.

இதற்கு ஆலோசனை தேடினால் ஆங்கிலத்தில் நிறையக் கிடைக்கிறது. வானிலை பற்றிப் பேசுங்கள், சனி ஞாயிறு எப்படிப் போனது என்று கேளுங்கள், அந்தரங்கக் கேள்விகளைத் தவிருங்கள் என்று சொல்கிறார்கள். கடலூர்க்காரர்கள் நாங்கள் புயல் சமயத்தில்தான் வானிலை பேசுவோம். மற்ற நாளில் புடவை என்ன விலை, டப்பாவில் என்ன குழம்பு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அந்த ஆலோசனைகளைப் பின்பற்றிப் பார்த்துப் பல வருடம் வீணானது. அப்புறம் நம் ஊரில் மனிதர்கள் எப்படி நெருக்கமாகிறார்கள் என்று உட்கார்ந்து கவனித்தேன். பாதிக்கு மேல் பேச்சே கிடையாது. விசேஷத்துக்கு வந்து முகம் காட்டுவது, பந்தியில் எடுத்துக் கொடுப்பது, அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று மறக்காமல் விசாரிப்பது, துக்க வீட்டில் வந்து உட்காருவது. இவற்றில் என்னால் முடிந்த சிலவற்றை எடுத்துக்கொண்டு தவறாமல் செய்தேன். முடியாதவற்றை முடியாது என்று முன்கூட்டியே சொன்னேன். அதிலிருந்துதான் என் நிலைமை மாறியது.

அதற்கு முன்பு நான் செய்துகொண்டிருந்தது நடிப்பு. மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிப்பது, கண்ணைப் பார்க்க முடியாமல் புருவத்துக்கு நடுவே பார்ப்பது, பஸ் ஏறும்போதே அன்றைக்குப் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், குறிப்பாகப் பெண்கள், இப்படித்தான் காலம் தள்ளுகிறோம். லாரா ஹல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி மறைத்து நடப்பதால் வரும் பெரும் களைப்பைப் பற்றி ஆட்டிசம் உள்ளவர்களே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் களைப்பு சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் பேச்சே வராமல் போவதாக வரும். அம்மா சாப்பாடு போட்டு என்ன வேண்டும் என்று கேட்பார். கையால்தான் காட்டுவேன்.

டாமியன் மில்டன் என்பவர் பிரிட்டனில் இருக்கும் சமூகவியலாளர். அவரும் ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே புரிதல் தடுமாறும்போது அந்தக் குறை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012-ல் எழுதினார். எங்களுக்கு அவர்கள் மனம் புரிவதில்லை என்றால், அவர்களுக்கும் எங்கள் மனம் புரிவதில்லை. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. ‘பழகத் தெரியாதவள்’ என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வந்தேன். பாலத்தைப் பாதி தூரம் அவர்களும் கட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதே இல்லை.

நடைமுறைக்கு வருகிறேன். முதலில் சரிசெய்ய வேண்டியது சத்தமும் வாசனையும். பேச்செல்லாம் அப்புறம். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில்தான் சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுகை ஆகியவற்றை அளவுக்கு மீறியோ குறைந்தோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. எங்கள் கம்பெனி பஸ் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி, கன்னியகோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஆள் ஏற்றிக்கொண்டு போகும். டிரைவர் அண்ணா பாட்டு போடுவார். மரப்பாலம் சிக்னலில் நிற்கும்போது வெளியே ஹாரன், உள்ளே குத்துப்பாட்டு, ஆளுக்கு ஆள் செல்போன். அந்த நேரத்தில் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் வாய் அசைவது தெரியும், வார்த்தை காதில் விழாது. நான் பதில் சொல்லாததைத் திமிர் என்று நினைத்தவர்கள் உண்டு.

காதில் ஹெட்போன் மாட்டினாலும் அதே பேர்தான் வரும். எங்கள் கம்பெனியில் மாத்திரை அழுத்தும் கம்ப்ரஷன் மெஷின் ஓடும் அறைக்குப் போகிறவர்களுக்குப் பஞ்சு மாதிரி ஆரஞ்சு நிற காதடைப்பான் கொடுப்பார்கள். உருட்டிக் காதில் வைத்தால் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதையே பஸ்ஸிலும் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். தொழிற்சாலையில் அது எல்லோருக்கும் பழகிய பொருள் என்பதால் யாரும் தப்பாக நினைக்கவில்லை. அதை வைத்தாலும் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும், தூரத்துச் சத்தம்தான் அடங்கும். கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு சீட் பிடியுங்கள். எனக்கு ஒத்துவருவது டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை, ஜன்னலோரம். ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் ஒரே ஒரு ஆள்.

அந்த ஒரே ஆள்தான் பேக்கிங்கில் இருக்கும் அக்கா. என் கம்பெனி வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் நெருக்கம் அவர். காலையில் பூக்காரம்மாவிடம் மல்லி வாங்கி, கிள்ளிக் கிள்ளி பஸ்ஸில் இருக்கும் பெண்களுக்கெல்லாம் கொடுப்பார். மல்லி வாசனை, டீசல் வாசனையோடு சேர்ந்தால் எனக்குக் குமட்டும். தலையில் வைத்தால் சாயந்திரம் வரை தலைவலி. பூவை வேண்டாம் என்று சொல்வது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை என்பதால் வாங்கி வாங்கிப் பையில் வைத்து அம்மாவிடம் கொடுத்தேன். ஒருநாள் அவரே கேட்டார்.

“ஏம்மா, நான் குடுத்தா வெச்சுக்க மாட்டியா?”

“உங்க மேல ஒண்ணும் இல்லக்கா. எனக்கு மல்லி வாசனை தாங்காது, தலைவலி வந்துடும். கனகாம்பரம்னா வெச்சுப்பேன்.”

கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது. மறுநாள் மல்லிச் சரத்துக்கு நடுவே தனியாக ஒரு விரல் நீளத்துக்குக் கனகாம்பரம் கட்டி வாங்கி வந்திருந்தார். “இது உனக்கு, வாசனையே இல்லாதது” என்று சொல்லி அவரே என் பின்னலில் செருகினார். வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் எது வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்வதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். வெறுமனே மறுத்தால் எதிரில் இருப்பவர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். மாற்றுவழி சொன்னால் அவருக்கும் கொடுத்த திருப்தி கிடைக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அவரோடு பேசுவேன். எனக்கு எந்தப் பேச்சு எளிது, எது கஷ்டம் என்று நாளடைவில் தெரிந்தது. ஒருவரோடு மட்டும், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமல், எப்போது முடியும் என்று தெரிந்த பேச்சு எளிது. அவர் தவளக்குப்பத்தில் இறங்கிவிடுவார். முடிவு கண்ணுக்குத் தெரிவதால் அதுவரை நிம்மதியாகப் பேச முடிகிறது. ஐந்தாறு பேர் வட்டமாக நின்று, ஒருவர் பேச்சில் இன்னொருவர் நுழைந்து பேசும் டீ நேரப் பேச்சு எனக்கு இன்றும் கைவரவில்லை. எங்கே நுழைவது என்று பார்ப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அதனால் டீ நேரத்தில் நான் டீயை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுச் செடிகள் பக்கம் போய் நிற்பேன். வட்டத்தில் நிற்பதுதான் பழகுவது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிதிவண்டி நிறுத்துமிடம், கைகழுவும் தொட்டி, ஜெராக்ஸ் மெஷின் பக்கம் என்று பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒருவரோடு பேசும் இடங்கள் எல்லா ஆபீஸிலும் இருக்கின்றன.

கல்யாணக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் என்னைப் போன்ற பெண்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். பதிலை முன்பே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மையாக இருக்கட்டும், சின்னதாக இருக்கட்டும், கடைசியில் அவர்களைப் பற்றிய ஒரு கேள்வி இருக்கட்டும். நான் சொல்வது இதுதான்: “இப்போதைக்கு இல்லக்கா, அம்மாகூட நல்லா இருக்கேன். உங்க பொண்ணு பரீட்சையெல்லாம் எப்படி எழுதினா?” யார் எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில், இதே குரல். ஒரு கட்டத்தில் கேட்பது நின்றுவிடுகிறது. பொய்க் காரணம் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு அலைய வேண்டும். எங்களுக்கு அது தேவையில்லாத பாரம்.

மதியச் சாப்பாட்டில் இரண்டு சங்கடம். ஒன்று கேன்டீன் சத்தம். எவர்சில்வர் தட்டு விழுவது, நாற்காலி தரையில் இழுபடுவது, நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுவது. இன்னொன்று பகிர்ந்து சாப்பிடுவது. டப்பாவைத் திறந்ததும் நாலு கை உள்ளே வரும், நம் தட்டில் நாலு பொரியல் விழும். எனக்கு வெண்டைக்காயின் வழுவழுப்பு நாக்கில் பட்டாலே உடம்பு சிலிர்க்கும். ஒரு குழம்போடு இன்னொரு குழம்பு கலந்தால் சாப்பிட முடியாது. அதனால் இப்போது இரண்டு டப்பா எடுத்துப் போகிறேன். ஒன்று என் சாப்பாடு, முதல் பந்தியில் கூட்டம் வருவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுவேன். இன்னொன்றில் எல்லோருக்குமாக ஏதாவது இருக்கும். பண்ருட்டி முந்திரி வறுத்தது, சீசனில் பலாச்சுளை, அம்மா செய்த வடகம். எங்கள் செக்‌ஷன் ஆட்கள் சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்கு அந்த டப்பாவோடு போய் அவர்களோடு கடைசிப் பத்து நிமிடம் உட்காருவேன். கொடுப்பது நான் என்பதால் என் தட்டில் யாரும் எதுவும் வைப்பதில்லை. ‘தனியாகச் சாப்பிடுகிறாள்’ என்ற பேச்சும் அடங்கியது, ஏனென்றால் தினமும் அவர்களோடு உட்கார்ந்து ஏதோ ஒன்றைப் பகிர்ந்துகொள்கிறேன்.

நான் அதிகமாகச் சொல்ல விரும்புவது விசேஷங்களைப் பற்றி. கூட்டத்தில் சும்மா நிற்பதுதான் எங்களுக்குக் கொடுமை. கையை எங்கே வைப்பது, யாரைப் பார்ப்பது, எப்போது சிரிப்பது என்று ஒவ்வொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. கையில் ஒரு வேலை இருந்தால் அத்தனையும் போய்விடும். ஆயுத பூஜையை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கம்பெனி லேபுக்குள் குங்குமமோ பொரியோ போக முடியாது, தூசும் துகளும் கலந்துவிடும். அதனால் எங்களுக்குப் பூஜை மெயின்டனன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் நடக்கும். ஸ்பானர், வெல்டிங் மெஷின், பாய்லர், பஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. முன்பெல்லாம் அங்கே போய்ச் சுவரோரம் நின்று எப்போது முடியும் என்று காத்திருப்பேன். பிறகு நிர்வாகத்தில் இருக்கும் சாரிடம் போய், பொரிப் பொட்டலம் போடுவதையும் செக்‌ஷன் வாரியாகக் கணக்கு பார்ப்பதையும் நான் செய்கிறேன் சார் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பொரி, பொட்டுக்கடலை, நாட்டுச் சர்க்கரை, ஒரு வாழைப்பழம். தனி அறையில் இரண்டு பேரோடு உட்கார்ந்து போட வேண்டும். பூஜை முடிந்ததும் ஒவ்வொரு செக்‌ஷனாகக் கொண்டுபோய்க் கொடுத்து டிக் அடிக்க வேண்டும். கம்பெனியில் இருக்கும் அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்து, பெயர் சொல்லி, ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன். வேலை செய்கிறவரிடம் ஏன் அமைதியாக இருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

மொய் நோட்டும் அப்படித்தான் என்னிடம் வந்தது. எங்கள் செக்‌ஷனில் யார் வீட்டில் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்றாலும் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து ஒன்றாகச் செய்வோம். யார் கொடுத்தார்கள், யார் பாக்கி, போன தடவை இவருக்கு என்ன செய்தோம் என்ற கணக்கில் எப்போதும் குழப்பம். நோட்டை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அது எனக்குச் சுலபம், மற்றவர்களுக்குத் தொல்லை. இப்போது யார் வீட்டில் என்ன விசேஷம் என்று முதலில் என்னிடம்தான் வந்து சொல்கிறார்கள். எல்லோரும் வேண்டாம் என்று தள்ளிவிடும் ஒரு சின்னப் பொறுப்பு எந்த அலுவலகத்திலும் இருக்கும். உங்களுக்கு இயல்பாக வரும் ஒன்றைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றோடு நிறுத்துங்கள். முடியாது என்று சொல்லத் தெரியாத நம் தலையில் எல்லாப் பொறுப்பையும் கட்டிவிடுவார்கள்.

கல்யாணத்துக்கு நேரில் போவது வேறு கணக்கு. எங்கள் பக்கம் நிறையப் பேர் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் கல்யாணம் வைப்பார்கள். முகூர்த்த நாளில் அங்கே ஒரே காலையில் ஏகப்பட்ட கல்யாணங்கள் நடக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி மேளம், தனி வீடியோக்காரர். யார் மாப்பிள்ளை, யார் யாரோடு வந்தவர் என்றே தெரியாது. நான் அங்கே போவதில்லை. மண்டபத்தில் வரவேற்பு என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும் நேரத்துக்கே போய்விடுவேன். லைட் மியூசிக் சூடு பிடித்திருக்காது, போட்டோ வரிசையும் நீளமாக இருக்காது. முதல் பந்தியில் சாப்பிட்டு, பெண் வீட்டார் ஒருவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடலாம். அதற்கும் முடியாத நிலை என்றால் அடுத்த வாரம் வீட்டுக்குப் போய் விசாரிப்பேன். கூட்டமில்லாத வீட்டில் காபி குடித்துக்கொண்டு ஆல்பம் பார்ப்பது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். கல்யாணத்தன்று வந்த நூறு பேரில் ஒருத்தியாக இருப்பதை விட, அப்படித் தேடி வந்ததை அவர்கள் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இதில் தினசரிக் காலண்டர் எனக்குப் பெரிய துணை. ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் அநேகமாக இருக்காது. வைகாசி, ஆவணி, தையில் வாரம் தவறாமல் பத்திரிகை வரும். தாளில் போட்டிருக்கும் முகூர்த்த நாள்களையும் எங்கள் லேபுக்கு ஆடிட் வரும் வாரங்களையும் ஒரே பக்கத்தில் எழுதி வைப்பேன். ஆடிட் வாரத்தில் விசேஷம் எதற்கும் போக மாட்டேன், மொய் மட்டும் போகும். ஒரு விசேஷத்துக்குப் போன மறுநாளை எதற்கும் கொடுக்க மாட்டேன். அன்றைக்கு விடியற்காலையில் தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போவேன், பிறகு வீட்டில் யாரும் என்னைப் பேச வைக்க மாட்டார்கள். ஓய்வை மிச்சம் இருக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் மிச்சமே இருக்காது. முதலில் அதை எழுதிவிட்டு அப்புறம் மற்றதை எழுதுங்கள்.

துக்க வீட்டைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். கிருமிச் சோதனை செய்யும் மைக்ரோ லேபில் இருக்கும் தம்பியின் அப்பா நெல்லிக்குப்பத்தில் இறந்துவிட்டார். பேசத் தெரியாத நான் அங்கே போய் என்ன செய்வேன் என்று தயங்கினேன். பஸ் அக்காதான், “ஒண்ணும் பேச வேணாம்மா, வந்து உக்காரு, அது போதும்” என்று கூட்டிப்போனார். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை, முகத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. அந்தத் தம்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பொதுவாக யாராவது தொட்டால் சுருங்கிவிடுவேன், அன்று அப்படித் தோன்றவில்லை. போகும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது நம் வழக்கம், அதனால் விடைபெறும் சங்கடமும் கிடையாது. எங்களால் முழுதாகக் கலந்துகொள்ள முடிகிற இடங்களில் இது ஒன்று. தயங்காமல் போங்கள்.

டூரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளம்பும் வழி நம் கையில் இருக்க வேண்டும். ஒருமுறை சுண்ணாம்பாறு படகு குழாமுக்கு என்று முடிவானது. படகில் ஏறி பாரடைஸ் பீச் போய்விட்டால் திரும்பப் படகு வந்தால்தான் வர முடியும், அதுவரை வெயிலும் கூட்டமும் ஸ்பீக்கரும்தான். நான் ஏற்பாடு செய்தவரிடம் முன்பே பேசி, எல்லோருடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு இக்கரையிலேயே இருந்தேன். நோணாங்குப்பத்தில் மெயின் ரோடு பக்கம்தான் என்பதால், குரூப் போட்டோ எடுத்ததும் கடலூர் பஸ் ஏறிவிட்டேன். ரிசார்ட், இரவுத் தங்கல் என்றால் நான் போவதில்லை. பிறந்தநாளுக்கு முகத்தில் கேக் பூசுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை: பிறந்தநாள் வருவதற்கு முன்பே, வழக்கமாகப் பூசுகிறவரிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். கேக் கையோடு வரும்போது சொன்னால் விளையாட்டு என்று நினைத்துப் பூசிவிடுவார்கள்.

கலாய்ப்பதா, குத்திக் காட்டுவதா என்று எனக்கு அந்த இடத்தில் தெரியாது. அதற்கு நம்பிக்கையான ஒருவரை வைத்துக்கொள்வதுதான் வழி. சாயந்திரம் பஸ்ஸில் அக்காவிடம், இன்னார் இப்படிச் சொன்னார், இந்த மாதிரி குரலில் சொன்னார் என்று அப்படியே ஒப்பிப்பேன். “அது சும்மா வெளையாட்டும்மா” என்பார், அல்லது “அவன்கிட்ட இனிமே அளவா பேசு” என்பார். அவர் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கிறது.

ஆட்டிசம் என்று சொல்வதா வேண்டாமா என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது என் அனுபவம்தான். முன்பு வேலை பார்த்த இடத்தில் நம்பிச் சொன்னேன். அதன் பிறகு வெளி ஆடிட்டர்கள் வரும்போதெல்லாம் என்னை லேபில் இருக்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். என் ரிப்போர்ட்டில் ஒரு தவறுகூட வந்ததில்லை. அந்த வலி இன்னும் இருக்கிறது. இங்கே வந்த பிறகு இரண்டு பேரிடம் மட்டும் சொன்னேன், மேலாளரிடமும் அக்காவிடமும். மேலாளரிடம் சொன்னதை எழுத்தாகவும் கொடுத்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘எனக்கு ஆட்டிசம் உள்ளது. சோதனை வேலையில் இதனால் குறை வராது. சத்தமான இடத்தில் அதிக நேரம் இருக்க முடியாது, அதனால் முதல் பந்தியில் சாப்பிட அனுமதி வேண்டும். வேலையில் மாற்றம் இருந்தால் வாயால் சொல்வதோடு ஒரு வரி மெயிலும் வேண்டும். முகம் பார்த்துப் பேசாவிட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.’ அவர் படித்துவிட்டு, “இவ்ளோதானேம்மா, செஞ்சிடலாம்” என்றார், செய்தும் கொடுத்தார். என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதினால் செய்வதற்கு ஆள் இருக்கிறார்கள். பெயரை மட்டும் சொன்னால் அவரவர் மனதில் இருக்கும் ஆட்டிசத்தை நம் மேல் ஏற்றிப் பார்க்கிறார்கள்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ல் குறிப்பிட்டிருக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று அதன் 21-வது பிரிவு சொல்கிறது, தனியார் கம்பெனிக்கும் இது பொருந்தும். 20 அல்லது அதற்கு மேல் ஆட்கள் இருந்தால் அந்தக் கொள்கையில் தொடர்பு அலுவலர் ஒருவரையும் குறிப்பிட வேண்டும் என்பது 2017 விதி. உங்கள் ஹெச்.ஆரிடம் அந்தக் கொள்கையின் நகலைக் கேளுங்கள், கேட்பதற்கே ஒரு பலன் உண்டு. அரசு வேலையில் இடஒதுக்கீட்டுக்கு, குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழ் இருக்க வேண்டும் என்ற அளவு இருக்கிறது. ஆனால் நியாயமான வசதி (நம் தேவைக்கேற்ப வேலையிலோ தேர்விலோ செய்து தரும் மாற்றம்) கேட்பதற்கு அந்த 40 சதவீதத்தை நிபந்தனையாக வைக்க முடியாது என்று, தேர்வு எழுத உதவியாளர் கேட்ட ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. 40 சதவீதம் என்று சான்றிதழ் கிடைக்காதவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்து சீட்டில் என்னைப் போல் ஒருவர் இருந்தால் ஒன்று செய்யுங்கள். கூப்பிடுவதை நிறுத்தாதீர்கள். வர மாட்டாள் என்று நீங்களே முடிவு செய்து பத்திரிகை வைக்காமல் போவது, நாங்கள் வராமல் இருப்பதை விட அதிகமாக வலிக்கும். எங்கே, எத்தனை மணிக்கு, யார் யார், எப்போது முடியும் என்று சேர்த்துச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இப்போது கேன்டீனைப் பெரிதாக்கப் போகிறார்கள். மூன்று பந்தி போய் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு என்று பேச்சு. என் கடிதத்தோடு புதிதாக ஒரு பக்கம் சேர்த்து, ஒரு மூலையில் ஸ்பீக்கரும் டிவியும் இல்லாமல் நாலு மேசை போட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. கேன்டீன் கமிட்டியில் பஸ் அக்காவும் இருக்கிறார். விசாரித்துப் பார்த்ததில், இரைச்சலில் சாப்பிட முடியவில்லை என்று நினைப்பவர்கள் கம்பெனியில் வேறு சிலரும் இருக்கிறார்களாம். அடுத்த கூட்டத்தில் அவர்கள் பெயரையும் சேர்த்து இதைப் பேசப் போவதாகச் சொன்னார். யார் யார் என்று பட்டியல் எடுக்கும் வேலையை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.